ரோலிங் ஸ்டோன்ஸ்: ஒரே ஒரு தொகுப்பு வாங்குவதென்றால்

பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சிறந்த பாடல்கள்’ தொகுப்பு எது கையில் கிடைத்தாலும், முதலில் அட்டையைத் திருப்பி எந்த வருடத்திலிருந்து எந்த வருடம்வரை என்று பாருங்கள். ‘ஹாட் ராக்ஸ்’ 1964இல் தொடங்கி 1971இல் நின்றுவிடும். ‘ஜம்ப் பேக்’ 1971இல்தான் ஆரம்பிக்கும். ‘ஹாங்க்’கும் அப்படியே. 1971 என்ற இந்தக் கோட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே பெட்டிக்குள் வைத்திருப்பவற்றில் முக்கியமானவை இரண்டு: 2002இல் வந்த ‘ஃபார்ட்டி லிக்ஸ்’, 2012இல் வந்த ‘கிர்ர்!’. இது தெரியாமல் வாங்கினால், ‘ஸ்டார்ட் மீ அப்’ எங்கே என்றோ ‘பெயின்ட் இட் பிளாக்’ எங்கே என்றோ தேடிக்கொண்டிருப்பீர்கள். அது அந்தப் பெட்டியிலேயே இருக்காது.

‘ஸாட்டிஸ்ஃபாக்‌ஷன்’, ‘ஏஞ்சி’ என்று நாலைந்து பாட்டு ஏற்கெனவே பழக்கம், மிச்சத்தையும் ஒழுங்காகக் கேட்க வேண்டும், அதற்கு ஒரு தொகுப்பு போதும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முழு ஆல்பங்களையும் அலமாரியில் அடுக்கியிருப்பவர்கள் இதைப் படித்துச் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

1971இல் ஏன் இந்தக் கோடு? இசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வியாபாரம்தான் காரணம். 1963இலிருந்து குழு டெக்கா நிறுவனத்தில் பதிவு செய்துகொண்டிருந்தது. 1965இல் நியூயார்க்கைச் சேர்ந்த கணக்காளர் ஆலன் கிளைன் அவர்களுடைய வரவு செலவைப் பார்க்க உள்ளே வந்தார். பேரம் பேசுவதில் கில்லாடி. பெரிய முன்பணம் வாங்கிக் கொடுத்தார். குழு அவரை விட்டு விலக நினைத்தபோதுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது: அறுபதுகளின் பதிவுகளும் பாடல் உரிமையும் கிளைனின் ஆப்கோ நிறுவனத்தின் கையில். வழக்கு நடந்தது, சமரசமும் ஆனது, ஆனால் அந்தப் பாடல்கள் திரும்பி வரவில்லை. டெக்கா ஒப்பந்தம் 1970இல் முடிந்தபோது இன்னும் ஒரு சிங்கிள் (தனிப்பாட்டு இசைத்தட்டு) பாக்கி என்று நிறுவனம் கேட்க, எந்த நிறுவனமும் வெளியிடவே முடியாத அளவுக்கு ஆபாசமான ஒரு பாட்டைப் பதிவு செய்து கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். அதன் பிறகு சொந்த லேபிள், நாக்கு நீட்டிய அந்த உதடு முத்திரை, 1971 ஏப்ரலில் ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’. அன்றிலிருந்து பாடல்கள் அவர்களுடையவை. அதற்கு முந்தையவை கிளைன் பக்கம். அவர் 2009இல் இறந்த பிறகும் நிலைமை அதேதான்.

எல்லைக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் பாடல்கள் இரண்டு: ‘பிரவுன் ஷுகர்’, ‘வைல்ட் ஹார்ஸஸ்’. வெளிவந்தது 1971இல்தான். ஆனால் பதிவானது 1969 டிசம்பர் முதல் வாரத்தில், அலபாமாவின் மஸில் ஷோல்ஸ் ஸ்டுடியோவில். டெக்கா ஒப்பந்தம் அப்போது நடப்பில் இருந்ததால் இரண்டு தரப்புக்கும் உரிமை உண்டு. இந்த இரண்டும் எல்லாத் தொகுப்புகளிலும் தலைகாட்டுவதற்கு அதுதான் காரணம்.

சரி, ‘ஹாட் ராக்ஸ்’. குழு கிளைனை விட்டுப் பிரிந்து போன கையோடு, 1971 டிசம்பரில் அவர் பக்கத்திலிருந்து வந்த இரட்டை எல்.பி., அதாவது இரண்டு வினைல் இசைத்தட்டு. அட்டையில் ஐந்து பேரின் பக்கவாட்டு முகங்கள், ஒன்றுக்குள் ஒன்று. 21 பாடல்கள். அமெரிக்காவில் ஸ்டோன்ஸ் பெயரில் இதைவிட அதிகம் விற்றது வேறெதுவும் இல்லை. காசு பார்க்க எடுத்த தொகுப்பு என்று திட்டிவிட்டு ஒதுக்கலாம் என்றால் முடியவில்லை, அவ்வளவு நன்றாகக் கோத்திருக்கிறார்கள். முதல் பக்கம் 1964, 65. இரண்டாம் பக்கம் 66, 67. மூன்றாம் பக்கத்தில் ‘ஜம்பின் ஜாக் ஃபிளாஷ்’, ‘ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்’, ‘சிம்பதி ஃபார் த டெவில்’, ‘ஹாங்கி டாங்க் விமன்’, ‘கிம்மி ஷெல்டர்’ என்று ஐந்தே பாட்டு. ராக் இசையில் ஓர் எல்.பி. பக்கம் இதைவிடக் கனமாக இருந்து நான் கேட்டதில்லை.

அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டை ஒருமுறை ஹெட்ஃபோனில் கேளுங்கள். ‘கிம்மி ஷெல்டர்’ பாதி தாண்டியதும் குழுவின் பாடகர் மிக் ஜாக்கர் ஒதுங்கிக்கொள்ள, மெரி கிளேட்டன் தனியாகப் பாடுவார். லாஸ் ஏஞ்சலஸில் நடு இரவில் படுக்கையிலிருந்து எழுப்பி வரவழைக்கப்பட்ட பாடகி, அப்போது கர்ப்பிணி. உச்சத்துக்குப் போகும்போது அவருடைய குரல் உடைகிறது, ஒருமுறை இல்லை, அடுத்தடுத்து. பின்னால் யாரோ வியந்து கத்துவது மெல்லக் கேட்கும். அதை அழிக்காமல் அப்படியே விட்டார்கள். மூன்றாம் பக்கம் அந்தக் குரலின் சூட்டோடு முடிவதற்காகவே ‘ஹாட் ராக்ஸ்’ தொகுத்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

குறைகளும் உண்டு. ‘த லாஸ்ட் டைம்’, ‘இட்ஸ் ஆல் ஓவர் நவ்’, ‘ஷீஸ் எ ரெயின்போ’ மூன்றும் இதில் கிடையாது. மறு வருடம் ‘மோர் ஹாட் ராக்ஸ்’ என்று இரண்டாவது தவணை விற்பதற்கு எடுத்து வைத்துக்கொண்டார்கள். ‘மிட்நைட் ராம்ப்ளர்’ ஸ்டுடியோ பதிவு இல்லை, 1969இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மேடையில் வாசித்தது, ஒன்பது நிமிடம். எனக்கு அது வரவுதான். வரிசையாக மூன்று நிமிடப் பாட்டுகளை எதிர்பார்ப்பவருக்கு அலுக்கும். பழைய சிடி கிடைத்தால் யோசித்து வாங்குங்கள். 2002இல் ஆப்கோ அறுபதுகளின் பதிவுகளையெல்லாம் மறுபடி சீரமைத்து வெளியிட்டது. அதற்குப் பிறகு வந்த ‘ஹாட் ராக்ஸ்’ சிடியில் பேஸும் டிரம்ஸும் தனித்தனியாகக் காதில் விழும்.

கோட்டின் மறுபக்கத்தை வேகமாகக் கடந்துவிடலாம். ‘ஜம்ப் பேக்’ 1993இல் வந்த ஒற்றை சிடி, 18 பாடல்கள், 71இலிருந்து 93வரை. நல்ல தொகுப்புதான், ஆனால் ‘ஹார்லெம் ஷஃபிள்’ போன்ற எண்பதுகளின் சரக்குக்கும் ‘டம்ப்ளிங் டைஸ்’ போன்ற எழுபதுகளின் சரக்குக்கும் ஒரே மரியாதை கொடுக்கிறது. அது நியாயமில்லை. ‘ஹாங்க்’ 2019இல் வந்தது, இரட்டை சிடியில் 36 பாடல்கள். 2016இல் வந்த ‘புளூ அண்ட் லோன்சம்’ ஆல்பத்தின் மூன்று புளூஸ் பாட்டுகளும் இதில் உண்டு. மூன்று சிடி பதிப்பில் கூடுதலாகப் பத்து மேடைப் பதிவுகள், எட் ஷீரன், ஃபுளோரன்ஸ் வெல்ச், டேவ் குரோல் என்று விருந்தாளிகளோடு. அறுபதுகளின் பாட்டு இதில் இருக்கிறதென்றால் அந்த மேடைத் தட்டில் மட்டும்தான். ‘அண்டர் மை தம்’ என்று அட்டையில் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். குழுவின் ஆரம்பகால கிட்டாரிஸ்ட் பிரையன் ஜோன்ஸின் மரிம்பா (மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) ஒலிக்கும் 1966 பதிவு அது இல்லை. முதல் தொகுப்பாக வாங்க ‘ஹாங்க்’ சரிப்படாது.

மிச்சம் இருப்பவை இரண்டு. உண்மையான போட்டி இவற்றுக்குள்தான்.

‘ஃபார்ட்டி லிக்ஸ்’ 2002 செப்டம்பர் கடைசியில் வந்தது, குழுவுக்கு 40 வயது, 40 பாடல்கள். டெக்கா காலத்தையும் சொந்த லேபிள் காலத்தையும் ஒன்றாகச் சேர்த்த முதல் தொகுப்பு இதுதான். கிளைன் தரப்போடு கைகுலுக்க முப்பது வருடம் ஆகியிருக்கிறது. இதையொட்டி நடந்த ‘லிக்ஸ்’ சுற்றுப்பயணத்தில்தான் 2003 ஏப்ரலில் பெங்களூருக்கும் மும்பைக்கும் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். நம் பக்கத்தில் பலருடைய வீட்டிலும் ஸ்டோன்ஸ் என்றால் இந்த சிடிதான் இருக்கிறது என்றால் அதற்கு அந்த நேரமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதல் சிடியில் அறுபதுகள், இரண்டாவதில் மற்றதெல்லாம். இருபதும் இருபதும். முதல் சிடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘ஹாட் ராக்ஸ்’ விட்டதையெல்லாம் பெரும்பாலும் பிடித்துவிட்டது. ஆனால் வரிசை என்று ஒன்று கிடையாது. 1968இன் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்’ முதலில், 1964இன் ‘இட்ஸ் ஆல் ஓவர் நவ்’ கடைசிக்கு முந்தையது. பண்பலை வானொலி மாதிரி எதற்குப் பின்னால் எது என்று கவலைப்படாமல் ஓடுகிறது. காரில் போட்டுக்கொண்டு போக இது வசதி. இரண்டாம் சிடியை ‘ஸ்டார்ட் மீ அப்’, அடுத்து ‘பிரவுன் ஷுகர்’ என்று தொடங்கியிருப்பதில் ஒரு காது இருக்கிறது. கிட்டாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ் தடித்த ஆறாவது கம்பியைக் கழற்றிவிட்டு, மிச்ச ஐந்தையும் ஜி சுருதிக்கு இழுத்து வைத்து வாசிக்கும் அந்தப் பாணி இரண்டிலும் ஒன்றுதான். பத்து வருட இடைவெளியில் வந்த இரண்டு பாட்டும் அண்ணன் தம்பி என்று அடுத்தடுத்துக் கேட்கும்போது புரிந்துவிடும்.

சிக்கல் வேறு இடத்தில். இரண்டாம் சிடியில் நாலு இடம் புதுப் பாடல்களுக்குப் போய்விட்டது. ‘டோன்ட் ஸ்டாப்’ கேட்கலாம். கீத் பாடும் ‘லூசிங் மை டச்’ எனக்குப் பிடிக்கும். மற்ற இரண்டையும் யாரும் நினைவு வைத்திருப்பதாகத் தெரியவில்லை. அவற்றுக்கு இடம் கொடுத்ததில் ‘ராக்ஸ் ஆஃப்’, ‘வெயிட்டிங் ஆன் எ ஃபிரெண்ட்’ இரண்டும் வெளியே நிற்கின்றன. ஜாஸ் மேதை சோனி ராலின்ஸ் சாக்ஸஃபோன் வாசித்த பாட்டு பின்னது. அதை விட்டுவிட்டா என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னொன்று, வெட்டு. ‘மிஸ் யூ’ 1978இன் ‘சம் கேர்ள்ஸ்’ ஆல்பத்தில் ஏறக்குறைய ஐந்து நிமிடம். ‘ஃபார்ட்டி லிக்ஸ்’ஸில் மூன்றரை நிமிடச் சிங்கிள் வடிவம். பில் வைமனின் பேஸ் ஒரே ஓட்டமாக ஓடிக்கொண்டிருக்க, அதன் மேல் ஷுகர் புளூவின் மவுத் ஆர்கன் சுற்றிச் சுற்றி வருவதுதான் அந்தப் பாட்டின் சுகம். அதில் ஒரு நிமிடத்துக்கு மேல் காணாமல் போனால் நடனத்தின் நடுவில் விளக்கைப் போட்டுவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. ‘எமோஷனல் ரெஸ்க்யூ’வுக்கும் இதே கத்தரிதான்.

‘கிர்ர்!’ 2012 நவம்பரில், ஐம்பதாவது ஆண்டுக்கு வந்தது. உதட்டிலிருந்து நாக்கு தொங்கும் கொரில்லா அட்டை, வரைந்தவர் வால்டன் ஃபோர்டு. பல வடிவங்களில் விற்றார்கள், நான் பேசுவது மூன்று சிடி, 50 பாடல் பதிப்பைப் பற்றி. இதை நான் மேலே வைப்பதற்கு முக்கியக் காரணம் வரிசை. 1963இன் முதல் சிங்கிள் ‘கம் ஆன்’ தொடங்கி, அந்த வருடம் பாரிஸில் பதிவு செய்த ‘டூம் அண்ட் குளூம்’, ‘ஒன் மோர் ஷாட்’வரை பெரும்பாலும் கால வரிசை. அங்கங்கே கொஞ்சம் தடம் புரளும். இரண்டாம் சிடியில் 1967இன் ‘ஷீஸ் எ ரெயின்போ’, 71இன் ‘வைல்ட் ஹார்ஸஸ்’க்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கும். ஏன் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

கால வரிசையில் கேட்டால் என்ன கிடைக்கும்? குழு மாறுவது காதில் விழும். முதல் சிடி பிரையன் ஜோன்ஸின் சிடி. ஆரம்பத்தில் எல்லாம் சிகாகோ புளூஸ் நகல், சக் பெரி பாட்டு, அதைப் பாடும் லண்டன் பையன்கள். பிறகு ‘ஸாட்டிஸ்ஃபாக்‌ஷன்’. கீத் தூக்கக் கலக்கத்தில் எழுந்து அந்த ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை) கேசட்டில் பதிந்துவிட்டு, அதே கேசட்டில் மிச்ச நேரமெல்லாம் தன் குறட்டையையும் பதிந்து வைத்திருந்தார் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கரகரத்த கிட்டார் ஒலி தற்காலிகம், பின்னால் அந்த இடத்தில் டிரம்பெட், சாக்ஸஃபோன் எல்லாம் வரும் என்றுதான் அவர் நினைத்திருந்தாராம். அடுத்து 1966, ‘பெயின்ட் இட் பிளாக்’கில் பிரையனின் சிதார். ‘ரூபி டியூஸ்டே’யில் அவருடைய புல்லாங்குழல் போன்ற ரிகார்டர். சிடியின் கடைசிப் பாட்டு 1967இன் ‘வீ லவ் யூ’: சிறைக் கதவு சாத்தும் ஓசையோடு தொடக்கம், பிரையன் வாசித்த மெலட்ரான் என்ற கீபோர்டு, பின்னணியில் பீட்டில்ஸின் லென்னன், மெக்கார்ட்னி குரல்கள். போதைப் பொருள் வழக்கில் மிக்கும் கீத்தும் சிறைவாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்த வருடம் அது.

இரண்டாம் சிடியைப் போட்டதும் ‘ஜம்பின் ஜாக் ஃபிளாஷ்’. ஜிகினாவெல்லாம் உதிர்ந்து, கிட்டார் மட்டும் முன்னால் வந்து நிற்கிறது. பிரையன் அப்போது குழுவில் இருந்தும் இல்லாத மாதிரி. 1969 ஜூனில் விலக்கப்பட்டார், ஜூலை 3ஆம் தேதி இறந்து கிடந்தார். ‘ஹாங்கி டாங்க் விமன்’ சிங்கிள் வெளியானது அதற்கு மறுநாள். பிரையன் இடத்துக்கு மிக் டெய்லர் உள்ளே வந்துவிட்டார். அவர் 1974 இறுதியில் விலகும்வரை உள்ள பாட்டுகளே இந்த சிடியின் உடம்பு. மூன்றாம் சிடி ‘மிஸ் யூ’வில் திறக்கும்போது கிட்டார் ரான் வுட் கைக்கு மாறிவிட்டது. மூன்று சிடி, ஏறக்குறைய மூன்று கிட்டார் காலங்கள். தொகுத்தவர்கள் திட்டமிட்டுத்தான் பிரித்தார்களோ, தற்செயலோ, வரலாறு சொல்ல இதைவிட நல்ல பிரிப்பு இருக்க முடியாது. மேளத்தில் மட்டும் தொடக்க வருடங்களிலிருந்து கடைசிவரை அதே சார்லி வாட்ஸ். அவர் எங்கேயும் சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை என்பதும் 50 பாட்டைத் தொடர்ந்து கேட்டால்தான் உறைக்கும்.

குறை சொல்லாமல் இருக்க முடியாது. மூன்றாம் சிடியின் பின்பாதி இழுக்கிறது. ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லவ்’ எல்லாம் எந்தக் கணக்கில் சிறந்த பாட்டு என்று எனக்கு விளங்கவில்லை. ‘மதர்ஸ் லிட்டில் ஹெல்பர்’, ‘பிட்ச்’ இரண்டும் இந்த 50க்குள் வரவில்லை. 80 பாடல் பெரிய பெட்டியும் உண்டுதான், அதற்குள் போனால் புதிதாகக் கேட்பவர் மூச்சு முட்டிவிடுவார். அறுபதுகளின் மேல் பைத்தியம் பிடித்துவிட்டால் அதற்கு வேறு மருந்து இருக்கிறது: ‘த லண்டன் இயர்ஸ்’, 1989, மூன்று சிடி, 58 பாட்டு, சிங்கிள்களின் இரண்டு பக்கமும் பெரும்பாலும் மோனோவில் (ஸ்டீரியோ இல்லாத ஒற்றைத் தட ஒலியில்). அது இரண்டாவதாக வாங்க வேண்டியது.

எல்லாமே போனில் கிடைக்கும்போது தொகுப்பு எதற்கு என்று கேட்கலாம். நீங்களே ஒரு பிளேலிஸ்ட் போட்டுக்கொள்ளலாம், தாராளமாக. ஆனால் அதைப் போட முதலில் எந்தப் பாட்டு, எந்த வடிவம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரே பாட்டுக்கு ஸ்டுடியோ, மேடை, சுருக்கிய வடிவம், மறுகலவை என்று நாலைந்து வந்து நிற்கும். ‘மிஸ் யூ’ என்று தேடினால் மூன்றரை நிமிடமும் உண்டு, ஐந்து நிமிடமும் உண்டு, எட்டரை நிமிட நடனக் கலவையும் உண்டு. 50 பாட்டை யாரோ பொறுக்கி, வரிசை போட்டுக் கொடுத்திருக்கும்போது முதல் சுற்று அதிலேயே போகட்டும்.

ஆக, என் தீர்ப்பு ‘கிர்ர்!’, 50 பாடல் பதிப்பு. ‘ஃபார்ட்டி லிக்ஸ்’ ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மாற்ற வேண்டாம். முதல் சிடியைத் தேயத் தேயக் கேட்டுவிட்டு, இரண்டாவதுக்குப் பதில் நேராக ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’, ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’, ‘சம் கேர்ள்ஸ்’ மூன்றுக்கும் போங்கள். எழுபதுகளின் ஸ்டோன்ஸ் ஆல்பம் போடும் குழு. தெற்கு பிரான்சின் நெல்கோட் மாளிகை நிலவறையில் வியர்த்துக்கொண்டே பதிவு செய்த ‘எக்ஸைல்’லிலிருந்து இரண்டு பாட்டை மட்டும் உருவினால் அதன் புழுக்கம் கூட வராது. இந்த வழியில் போக ஆசைப்படுபவருக்கும், வினைலில் கேட்பவருக்கும் ‘கிர்ர்!’ வேண்டாம், ‘ஹாட் ராக்ஸ்’ போதும். 71வரை தொகுப்பு, 71க்குப் பிறகு ஆல்பம். கையில் நேரமும் காசும் இருந்தால் நானே இதைத்தான் சொல்வேன். ஒரே ஒரு பெட்டி என்ற கட்டுப்பாடு இருப்பதால்தான் மற்றதைச் சொன்னேன்.

2023இல் வந்த ‘ஹாக்னி டயமண்ட்ஸ்’ பாட்டுகளையும் சேர்த்து இன்னொரு தொகுப்பு வரும், அதுவரை பொறுக்கலாமா என்றால், தேவையில்லை. அந்த ஆல்பத்தைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 2021இல் இறந்த சார்லி வாசித்த இரண்டு பாட்டு அதில் இருக்கிறது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ‘கிர்ர் லைவ்!’ என்று 2023இல் ஒன்று வந்திருக்கிறது. அதே கொரில்லா ஜாடை, கிட்டத்தட்ட அதே பெயர். 2012 டிசம்பரில் நியூ ஜெர்ஸியின் நூவர்க்கில் நடந்த கச்சேரி அது. லேடி காகா, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் எல்லாம் மேடையேறுகிறார்கள், நல்ல கச்சேரிதான். ஆனால் இங்கே சொன்ன தொகுப்பு அது கிடையாது. அட்டையில் லைவ் என்ற சொல் இல்லை, உள்ளே மூன்று தட்டு, பின்பக்கப் பட்டியலில் முதல் பாட்டு ‘கம் ஆன்’, மொத்தம் 50 என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.